மூன்று அங்குல நிலையும் எட்டடிப் பலகையும்: உயர்தர மின்வாள்களில் எதை வாங்குவது?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மரவேலைத் தளம் நடத்தும் ஓடாவிமார் (தச்சர்கள்) பலருக்கு இன்று இரு வகையான வேலைகள் வருகின்றன. ஒன்று, பரம்பரையாகச் செய்துவரும் கதவு, நிலை, யன்னல், கூரை வேலை. இதற்கு முதிரை, தேக்கு, மருது, வேம்பு போன்ற மரங்கள் மரக்காலையிலிருந்து வருகின்றன. மற்றது, போர் முடிந்தபின் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல்கள் எழுந்ததோடும், கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களில் புது வீடுகளுக்குப் பன்ட்ரி அலுமாரி வைக்கும் வழக்கம் பரவியதோடும் பெருகிய பலகை வேலை. இதற்கு வேண்டியவை பிளைவூட், மெலமைன் ஒட்டிய பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆகியன. இரண்டையும் ஒரே தளத்தில் செய்யும் ஒருவர், கையிலுள்ள பணத்துக்கு உயர்தரமான கையடக்க மின்வாள் ஒன்றை மட்டும் வாங்க நினைத்தால் எதைத் தெரிவது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. கம்பனிப் பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. பாதித் தெரிவுகள் அந்தக் கணக்கிலேயே கழிந்துவிடும்.

அந்தக் கணக்கு வெட்டு ஆழத்தைப் பற்றியது. நமது பகுதியில் வாசல் நிலைக்கு நாலுக்கு மூன்று, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம் கேட்பது வழக்கம். மூன்று அங்குலம் என்பது 76 மில்லிமீற்றர். சீவுளி போட்டபின் 70 அளவில் நிற்கும். உலகெங்கும் தொழில்முறைத் தச்சர்கள் விரும்பி வாங்கும் ரெயில் வாள்கள், அதாவது ட்ராக் சோ என்றும் பிளன்ஜ் சோ என்றும் சொல்லப்படுபவை, பெரும்பாலும் 160 முதல் 168 மில்லிமீற்றர் வரையான பிளேட்டைக் கொண்டவை. ஜேர்மனியின் பெஸ்டூல் டி.எஸ். 55 வெட்டும் ஆழம் 55 மில்லிமீற்றர். ஜப்பானின் மக்கிட்டா எஸ்.பி. 6000 வெட்டுவது 56, மாஃபெல் எம்.டி. 55 சி.சி., பொஷ் ஜி.கே.டி. 55 ஆகிய இரண்டும் 57. அலுமினிய ரெயிலின் மேல் வைத்து ஓட்டும்போது அந்த ரெயிலின் தடிப்பும் இந்த ஆழத்திலிருந்து கழியும். ஆகவே கதவின் சட்டத்தை, அது ஒன்றரை அங்குலமாயினும் ஒன்றேமுக்கால் அங்குலமாயினும், இவை ஒரே ஓட்டத்தில் வெட்டும், நிலையை வெட்டமாட்டா. நிலையைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து இன்னொரு வெட்டுப் போடலாம்தான். ஆனால் நாள் முழுவதும் நிலை செய்பவருக்கு அது வேலையே அன்று, தண்டனை.

நிலையை ஒரே வெட்டில் முடிக்க வேண்டுமானால் 235 மில்லிமீற்றர் பிளேட் கொண்ட பெரிய வட்ட வாளுக்குப் போக வேண்டும். பொஷ் ஜி.கே.எஸ். 235 டர்போ இவ்வகையில் நன்கு அறியப்பட்டது: 2050 வாட் மோட்டார், 85 மில்லிமீற்றர் ஆழம். மக்கிட்டாவிலும் இதே பிளேட் அளவில் வாள் உண்டு. இடைப்பட்ட தெரிவாகப் பெஸ்டூல் டி.எஸ். 75 இருக்கிறது, 210 மில்லிமீற்றர் பிளேட், 1600 வாட், 75 மில்லிமீற்றர் ஆழம். ரெயில் இல்லாமல் சீவிய நிலையைத் தாண்டும். ரெயிலின் மேல் வைத்தால் நூலளவில் தடுமாறும். விலையோ சாதாரண வட்ட வாளின் பல மடங்கு. வேலைத்தளத்தில் நிலையும் கூரைமரமுமே பெரும்பகுதி என்றால் இங்கேயே முடிவு வந்துவிட்டது: 235 வட்ட வாளை வாங்கி, மிகுதிப் பணத்தில் நல்ல பிளேட்கள் எடுத்துக்கொள்ளலாம். நேர்கோடு வேண்டும் இடத்தில் பிளைவூட் துண்டொன்றைச் சட்டம் பிடித்து அதன் ஓரமாக ஓட்டுவது பழகிய கைக்குப் போதும்.

பலகை வேலை பாதியாவது இருக்கிறவருக்குத்தான் ஒப்பீடு தொடர்கிறது. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றை வட்ட வாளால் கோடு பிடித்து அரிந்தவருக்கு அதன் சிரமம் தெரியும். வாளின் அடித்தட்டு சற்று விலகினாலும் பிளேட் சாய்ந்து ஓரம் கருகும். மெலமைன் மேற்பூச்சு பல் படும் இடமெல்லாம் சிராய்த்துத் தெறிக்கும். அந்த ஓரத்தில் விளிம்புப் பட்டி ஒட்டினால் கீழே வெள்ளைப் பற்கள் போலத் தெரியும். ரெயில் வாள் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கவே வந்தது. இன்று பெஸ்டூல் என்று அறியப்படும் நிறுவனம் 1925 இல் தொடங்கியது. கையடக்க மின்வாளை ஒரு சட்டத்தின் மேல் ஓட்டும் ஏற்பாட்டை அது 1960களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. வாளின் அடித்தட்டிலுள்ள பள்ளம் ரெயிலின் மேடான கோட்டில் ஏறி அமர்ந்துகொள்கிறது. வாள் இடம் வலமாக அசைய வழியில்லை. மோட்டாரையும் பிளேட்டையும் கையால் அழுத்தும்போதுதான் பல் மரத்துக்குள் அமிழ்கிறது. கையை எடுத்ததும் பிளேட் தன் கூட்டுக்குள் ஏறிவிடுகிறது.

ரெயிலின் ஓரத்திலுள்ள கறுப்பு இறப்பர் பட்டி சிறியதாகத் தெரிந்தாலும் முழு இயந்திரத்தின் பயனும் அதில்தான் தங்கியிருக்கிறது. புதிய ரெயிலில் அது வேண்டிய அளவைவிடச் சற்று அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ரெயிலை வீண் பலகையொன்றின் மேல் பிடித்து, வாளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக ஒரே ஓட்டமாகத் தள்ளினால், உங்கள் வாளின் பிளேட் எங்கே ஓடுகிறதோ அந்த இடத்திலேயே பட்டி சீவப்பட்டு நிற்கும். அதன்பின் பலகையில் பென்சில் கோடு போட்டு அந்தக் கோட்டில் பட்டியின் ஓரத்தை வைத்தால் போதும். வெட்டு அங்கேதான் விழும். பட்டி மரத்தின் மேற்பரப்பை அழுத்திப் பிடிப்பதால் நாரும் மெலமைனும் தெறிப்பதில்லை. அந்தப் பட்டி ஒரு வாளுக்கு, ஒரு பிளேட் தடிப்புக்கு உரியதாகிவிடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தடிப்புக் குறைந்த பிளேட்டுக்கு மாறினாலோ, பக்கத்துத் தளத்துக்காரர் தம் வாளை அதில் ஓட்டிவிட்டாலோ, கோடு பொய்யாகிவிடும். ரெயிலை இரவல் கொடுக்காதிருப்பதற்கு இது நல்லதொரு காரணம். உறவினர் கேட்டாலும் சொல்லக்கூடிய காரணம்.

ரெயில்கள் இரண்டு குடும்பமாகப் பிரிந்து நிற்பதை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டும். பெஸ்டூலும் மக்கிட்டாவும் ஒரு குடும்பம்: ஒன்றின் வாள் மற்றதன் ரெயிலில் ஓடும். மாஃபெலும் பொஷும் மற்றொரு குடும்பம். முதற் குடும்பத்துக்குள் ஒரு சிறு வித்தியாசம் உண்டு. மக்கிட்டா ரெயிலின் ஓரத்தில் ஓர் உதடு இருக்கிறது. வாளிலுள்ள சிறு நெம்புகோல் அதைப் பிடித்துக்கொள்வதால் சாய்த்து வெட்டும்போது வாள் கவிழாது. பெஸ்டூல் ரெயிலில் வைத்தால் அந்தப் பிடி வேலை செய்யாது. 45 பாகைச் சாய்வெட்டு அடிக்கடி போடுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, எட்டடிப் பலகையை நெடுக்காக அரிய 2.7 மீற்றராவது வேண்டும். மூன்று மீற்றர் ரெயிலை ஒற்றைத் துண்டாக வாங்குவது துல்லியத்துக்கு நல்லது. ஆனால் அதை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்லடிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் வருவதைக் கற்பனை செய்து பார்த்தால் ஆசை குறைந்துவிடும். 1.4 அல்லது 1.5 மீற்றர் ரெயில் இரண்டை இணைப்புத் தகட்டால் சேர்ப்பதே நமது நடைமுறைக்கு ஏற்றது. இணைக்கும்போது நேர்மட்டத் தடி ஒன்றை இரு ரெயிலின் ஓரத்திலும் சேர்த்து வைத்துத்தான் ஆணியை இறுக்க வேண்டும். கண்ணால் நேர் பார்த்து இறுக்கினால், அலுமாரிப் பக்கப் பலகையின் நடுவே மெல்லிய கூனல் விழும். பலகை இரண்டையும் பொருத்தும்போதுதான் அது தெரியவரும்.

இனி இயந்திரங்கள். பெஸ்டூல் டி.எஸ். 55 1200 வாட் மோட்டார் கொண்டது, மக்கிட்டா எஸ்.பி. 6000 1300 வாட். மாஃபெலும் பொஷும் 1400 வாட். இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை, 18 மில்லிமீற்றர்ப் பலகையில் நான்கும் தளராமல் போகும். இரண்டு அங்குலத் தேக்கில் மாஃபெலின் மோட்டார் சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது. மாஃபெல் 1899 இல் தொடங்கிய, தச்சருக்கென்றே இயந்திரம் செய்துவரும் சிறிய ஜேர்மன் நிறுவனம். அதன் வாளில் பூச்சு வேலை, பிடியின் சமநிலை, பிளேட் மாற்றும் எளிமை எல்லாம் மிக நேர்த்தியானவை. ஆனால் விலையும் நான்கில் மிகக் கூடியது. ஐரோப்பியச் சந்தையிலேயே பெஸ்டூல், மாஃபெல் ஆகியவற்றுக்கு மக்கிட்டாவின் ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே வந்து சேரும்போது அந்த இடைவெளி குறைவதில்லை. 2022 இல் டொலர் இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றைம்பதையும் தாண்டியதை அனுபவித்தவர்களுக்கு இந்த இடைவெளி ரூபாயில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, பாதுகாப்பு. பெஸ்டூல் டி.எஸ். 55 இல் பிளேட்டின் பின்னால் ஒரு மெல்லிய பிளப்புத் தகடு நிற்கிறது. வெட்டிய தடம் மீண்டும் மூடி பிளேட்டைக் கவ்வாமல் அது தடுக்கிறது. மக்கிட்டா எஸ்.பி. 6000 இல் இத்தகடு இல்லை. பிளைவூட் அரிபவருக்கு இது அவ்வளவாகப் பொருட்டன்று, பிளைவூட் அசைவதில்லை. ஆனால் முதிரைப் பலகை வேறு. சரியாக உலராத முதிரையையோ முறுக்கு நாருள்ள மருதையோ நீளவாட்டில் அரியும்போது, வெட்டு நாலடி போனதும் பின்னால் தடம் இறுகி மூடுவதைக் கண்ணாலேயே காணலாம். மோட்டாரின் சத்தம் தாழ்ந்து முனகும். அடுத்த கணம் வாள் ரெயிலை விட்டு எழும்பித் தன்னை ஓட்டுபவரை நோக்கிப் பின்னுதைக்கும். தகடு இல்லாத வாளில் வெட்டிய தடத்துக்குள் ஒரு மர ஆப்பைச் செருகிக்கொண்டு போவது நல்ல வழக்கம். பெஸ்டூலின் டி.எஸ். 60 கே என்ற வாள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 1500 வாட், 168 மில்லிமீற்றர் பிளேட், 60 மில்லிமீற்றர் அளவிலான ஆழம், அத்தோடு வாள் மரத்தை விட்டு எழும்புவதை அடித்தட்டிலுள்ள உணரி அறிந்து பிளேட்டை உடனே நிறுத்தும் ஏற்பாடு. விரல் இழந்த ஓடாவியார் ஒருவரையாவது அறியாத ஊர் நம்மில் இல்லை என்பதால், இந்த ஏற்பாட்டை ஆடம்பரம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இரண்டாவது, தூசி. ஜேர்மன் வாள்களில் பிளேட்டின் கூடு நன்றாக மூடப்பட்டிருப்பதால், தூசி உறிஞ்சியின் குழாயைப் பொருத்தினால் தூசியின் பெரும்பகுதி போய்விடுகிறது. மக்கிட்டாவும் இதில் மோசமில்லை. ஒரு படி குறைவு. மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற் பிரிவில் வைத்திருக்கிறது. முதிரைத் தூசி அதற்கும் முன்பே தன்னை உணர்த்திவிடும், கையிலும் கழுத்திலும் அரிப்பும் சொறியும் பிடிப்பது அந்த மரத்தின் அறியப்பட்ட குணம். நமது தளங்கள் பெரும்பாலும் மூன்று பக்கம் திறந்த கொட்டகைகள் என்பதால் காற்றே தூசியைக் கொண்டுபோகும் என்று இருந்துவிடுகிறோம். மூடிய ஹோட்டல் அறைக்குள் எம்.டி.எஃப். வெட்டும்போது அந்தக் காற்று வராது. வீட்டுத் தூசி உறிஞ்சி இதற்கு உதவாது. அதன் பை சற்று நேரத்திலேயே அடைத்துவிடும். ஈரமும் உலர்வும் உறிஞ்சும் தொழில்முறை இயந்திரம் வேண்டும். அதன் விலையையும் வாளின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாவது என்று பலர் சொல்லும் துல்லியத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ரெயில் நேராகவும் பிளேட் கூர்மையாகவும் இருந்தால் மக்கிட்டாவின் வெட்டையும் பெஸ்டூலின் வெட்டையும் அருகருகே வைத்து, எது எதுவென்று வாடிக்கையாளர் எவராலும் சொல்ல முடியாது. மக்கிட்டாவில் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் முதலில் கீறிவிட்டுப் பிறகு முழு ஆழத்துக்கு வெட்டும் தடுப்பு ஒன்று இருக்கிறது. மெலமைன் ஓரத்தை அது காப்பாற்றும் விதம் விலையைப் பார்க்கும்போது வியப்பானது. ஆகவே, துல்லியத்துக்காகப் பணம் செலவழிக்க விரும்புகிறவர் வாளில் சேமித்து, ரெயிலிலும் பிளேட்டிலும் செலவழிப்பதே என் கருத்து.

பிளேட்டைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நமது மரங்கள் ஐரோப்பாவின் ஊசியிலை மரங்கள் அல்ல. தேக்கில் மணற்சத்து உண்டு. பல்லின் கூர்மையை அது கண்ணுக்குத் தெரியாமல் தின்றுவிடும். முதிரை அடர்த்தியால் தின்னும். பாலை நீரில் அமிழும் அளவுக்குக் கனமானது. வாளோடு பெரும்பாலும் பெட்டியில் வரும் 48 பல் பிளேட் பலகைக்கும் குறுக்கு வெட்டுக்கும் உரியது. அதை வைத்துக்கொண்டு முதிரையை நீளவாட்டில் அரிந்தால் பல்லிடையே தூள் அடைத்து, மரம் கருகி, மோட்டார் சூடேறும். நெடுக்காக அரிய 12 முதல் 24 பல்வரையான பிளேட் ஒன்று தனியே இருக்க வேண்டும். மெலமைனுக்கு, ஒன்றுவிட்டு ஒன்று முனை கொத்திய பல்லும் தட்டைப் பல்லுமாக அமைந்த பிளேட் நல்லது. மரத்துக்கு இடமும் வலமுமாகச் சரிந்த பல். கார்பைட் பல்லை அரத்தால் தீட்ட முடியாது; வைரச் சில்லுள்ள இயந்திரத்துக்கே அனுப்ப வேண்டும். மங்கியதென்று எண்ணும் பிளேட் பல வேளைகளில் பிசின் பிடித்ததாகவே இருக்கும்; அதைச் சலவைச்சோடா கரைசலில் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம். துளையளவு, டி.எஸ். 75 தவிர்ந்த இந்த ரெயில் வாள்கள் எல்லாவற்றிலும் 20 மில்லிமீற்றர். ஆனால் விட்டம் மாறுபடும்: மக்கிட்டாவுக்கும் பொஷுக்கும் 165, டி.எஸ். 55க்கு 160. பலரும் செய்யும் அளவு 165 என்பதால் அவசரத்துக்குப் பிளேட் தேடும்போது அது கைகொடுக்கும். 165 பிளேட்டை 160 வாளுக்குள் பொருத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

வயரா, பற்றரியா என்ற கேள்விக்கு வருவோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, பற்றரி வாள் வைத்திருந்தவர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு மோகம் உண்டு. மக்கிட்டா டி.எஸ்.பி. 600, 18 வோல்ட் பற்றரி இரண்டைச் சேர்த்து 36 வோல்ட்டில் ஓடுகிறது. வெட்டு ஆழம் வயர் வாளினதுக்குச் சமமான 56 மில்லிமீற்றர். ரெயிலும் அதே ரெயில். பெஸ்டூலின் டி.எஸ்.சி. 55 இரண்டு பற்றரியிலும் ஓடும், ஒன்றிலும் ஓடும். ஆயினும் கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து அம்பியர்மணிப் பற்றரி இரண்டில் அடங்கியிருப்பது 180 வாட்மணி. கடினமான மரத்தில் வாள் ஆயிரம் வாட் இழுத்தால், பல் மரத்துக்குள் இருக்கும் நேரம் பத்துப் பதினொரு நிமிடத்துக்கு அதிகமாகாது. பலகை வேலையில் அந்தப் பத்து நிமிடத்தில் நிறைய வெட்டலாம். முதிரையில் அது விரைவாகத் தீர்ந்துவிடும். இரட்டை மின்னேற்றி நிரப்ப ஏறத்தாழ 45 நிமிடம் எடுக்கும். ஆகவே ஒழுங்காக வேலை செய்ய நான்கு பற்றரி வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், வெயிலில் நின்று வேலை செய்துவிட்டுக் கழற்றிய சூடான பற்றரியை மின்னேற்றி உடனே ஏற்றுக்கொள்ளாது, முதலில் ஆறவைக்கும். அந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

வயர் வாளின் எதிரி நீண்ட வயர். கட்டடம் நடக்கும் இடத்தில் மின்மானிப் பெட்டியிலிருந்து ஐம்பது மீற்றர் இழுப்பது சாதாரணம். அந்த வயர் 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பாக இருந்தால், போக வர நூறு மீற்றரின் தடை 1.2 ஓம் அளவில் வரும். 1400 வாட் வாள் ஆறு அம்பியர் இழுக்கும்போது ஏழு வோல்ட் குறையும், பாதகமில்லை. அதுவே மின்விளக்குக்கு இழுக்கும் 0.75 வயராக இருந்தால் இழப்பு இரட்டிப்பாகும். 2050 வாட் பெரிய வாளைப் போட்டால் இருபது வோல்ட்டையும் தாண்டும். கம்பித்தொடரின் கடைசி வீடுகளில் மாலை வேளையில் ஏற்கெனவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் மோட்டார் வலுவிழந்து சூடேறிக் கருகும். 2.5 வயர் வாங்கிக்கொள்வதும், உருளையில் சுற்றியிருப்பதை முழுவதும் விரித்துவிட்டே வாளைப் போடுவதும், இணைப்பை ட்ரிப் சுவிட்ச் உள்ள பெட்டியிலிருந்து எடுப்பதும் புத்தி. மாரியில் ஈரமான சீமெந்துத் தரையில் நின்று வாள் பிடிப்பவருக்குக் கடைசியாகச் சொன்னது உயிர்க்காப்பு.

எங்கே வாங்குவது, பழுதானால் யார் பார்ப்பது? மக்கிட்டாவும் பொஷும் இந்நாட்டில் நெடுங்காலமாகப் புழங்குவதால் காபன் பிரஷ், சுவிட்ச், பெயரிங் போன்றவை கொழும்பில் பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் கிடைக்கும். பெரிய நகரங்களில் மோட்டார் சுற்றுபவர்கள் ஆர்மேச்சரையும் சுற்றித் தருவார்கள். ஆனால் உயர்தர வாள்கள் எல்லாவற்றிலும் வேகத்தை நிலையாக வைக்கும் மின்னணு அட்டை ஒன்று இருக்கிறது. அது போனால் சுற்றுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையையே வரவழைக்க வேண்டும். பெஸ்டூல், மாஃபெல் வாங்குபவர், அட்டை எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதைப் பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மக்கிட்டாவில் அச்சம் வேறு: போலிகள். அதே நீலம், அதே எழுத்து, பாதி விலை. தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டுத் தரும் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடமன்றி வேறிடத்தில் மலிவாகக் கிடைப்பதை மலிவென்று நினைக்கக் கூடாது.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மூலம் எடுப்பிப்பது நமது மாவட்டங்களில் பரவலான வழி. கட்டார், துபாய் வாள்கள் இங்கே அப்படியே ஓடும். சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். காபன் பிரஷ் மோட்டாருக்கு அது ஒரு பொருட்டன்று, வோல்ட் மட்டும் 220 முதல் 240க்குள் இருப்பதைப் பெயர்த்தகட்டில் பார்க்க வேண்டும். கனடாவிலிருந்து வருவது 120 வோல்ட், ஜப்பானில் விற்பது 100 வோல்ட். இவற்றை நேராகச் செருகினால் முதல் நாளே புகைந்துவிடும். இலண்டன் வாள்களில் ஒரு பொறி இருக்கிறது: அங்கே கட்டடத் தளங்களுக்கென்று 110 வோல்ட் வாள்கள் தனியே விற்கப்படுகின்றன, மஞ்சள் நிற வட்டப் பிளக்குடன். மாமா நல்ல எண்ணத்தில் மலிவாகக் கிடைத்ததென்று அதை வாங்கி அனுப்பிவிட்டால், கனமான ட்ரான்ஸ்போமர் ஒன்றை வாழ்நாள் முழுவதும் தூக்கித் திரிய வேண்டியதுதான். ஜேர்மன் பிளக் பொருந்தாது. பெஸ்டூலில் வயரே கழன்று வருமாகையால் பிரித்தானிய 13 அம்பியர்ப் பிளக் உள்ள வயரைத் தனியே வாங்கி மாட்டலாம். பற்றரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 18 வோல்ட் ஐந்து அம்பியர்மணிப் பற்றரி 90 வாட்மணி, நூறு வரையான எல்லைக்குள் அடங்கும். ஆறு அம்பியர்மணி 108 ஆகிவிடுவதால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும் என்பதையும் விலையில் கழித்துப் பார்க்க வேண்டும்.

தூக்கிச் செல்லக்கூடிய மேசை வாளை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். டிவோல்ட் டி.டபிள்யூ.இ. 7492 நல்ல இயந்திரம்: 2000 வாட், 250 மில்லிமீற்றர் பிளேட், 77 மில்லிமீற்றர் ஆழம், வேலியை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பை, 825 மில்லிமீற்றர் வரை விரிக்கலாம். ஒரே அகலத்தில் சலாகை அரிவதற்கு ரெயில் வாள் அதற்கு ஈடாகாது. ஆனால் முழுப் பலகையை ஒற்றை ஆளாக அதன்மேல் ஏற்றி நேராகத் தள்ள முடியாது. மேலும் வாங்கி வந்த மறுநாளே பிளேட் மூடியைக் கழற்றி மூலையில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை நான் அதை முதல் வாளாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆக, கலப்பு வேலை செய்யும் தளத்துக்கு என் தெரிவு மக்கிட்டா எஸ்.பி. 6000, அதனோடு 1.4 அல்லது 1.5 மீற்றர் ரெயில் இரண்டு, இணைப்புத் தகடு, பலகைக்கொன்றும் நீள்வெட்டுக்கொன்றுமாகப் பிளேட் இரண்டு. பெஸ்டூல் வாள் மட்டும் வாங்கும் பணத்தில் இவ்வளவும் அடங்கிவிடக்கூடும். நிலைக்குத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய வட்ட வாளையே தொடர்ந்து பயன்படுத்தலாம். வாகரைப் பக்கமோ பொத்துவிலுக்கு அப்பாலோ மின்சாரம் இன்னும் இழுக்காத கட்டடங்களில் கூரையும் பலகையும் செய்பவருக்கு டி.எஸ்.பி. 600 பொருந்தும், அவரிடம் ஏற்கெனவே மக்கிட்டா 18 வோல்ட் துளைக்கருவி இருந்தால் பற்றரிச் செலவில் பாதி குறையும்.

பெஸ்டூலோ மாஃபெலோ வேண்டியவர் ஒருவர் உண்டு: ஹோட்டல்களின் உள்வேலையை ஒப்பந்தமாக எடுத்து, வர்ணம் பூசி முடித்த அறைக்குள், குளிரூட்டி ஓடும்போது, தூசி பறந்தால் கூலியில் பிடிக்கும் முகாமையாளருக்கு முன்னால் வெட்டுபவர். அவர் தூசி உறிஞ்சியையும் சேர்த்து வாங்கட்டும். பின்னுதைப்பை நிறுத்தும் டி.எஸ். 60 கேயை முதலில் பார்க்கட்டும். அந்த வேலை மாதத்தில் ஓரிரு நாட்களே வருமென்றால் வாளை வாடகைக்கு எடுப்பதும், வைத்திருப்பவரைக் கூலியோடு கூப்பிடுவதும் வாங்குவதிலும் மலிவாக முடியும்.

எந்த வாளை வாங்கினாலும், மாற்று இறப்பர் பட்டி ஒரு சுருளைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். வாவிக்கரைக் காற்றில் பிளேட் துருப்பிடித்து அடித்தட்டும் அரிபடுவதால், மாரி தொடங்குமுன் தட்டுக்கு மெழுகு பூசி, பிளேட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பதும் அவசியம்; ரெயிலுக்கு எண்ணெய் படக்கூடாது, அதன் அடியிலுள்ள வழுக்காப் பட்டி எண்ணெயில் ஊறினால் பலகையின் மேல் நிற்காமல் நழுவத் தொடங்கிவிடும்.